டிப்பர் ஆயில் ரிப்போர்ட்

பர்கூர் மாமா: டிப்பர் எஞ்சின் ஆயில் ரிப்போர்ட் வந்துடுச்சு. 15டபிள்யூ-40 ஆயில். 100 டிகிரில விஸ்காசிட்டி (ஆயிலோட கெட்டித்தன்மை) 11.9. எச்சரிக்கைன்னு மஞ்சள் போட்டு அனுப்பிருக்காங்க. மாத்தணுமா?

ஓசூர் மாப்ள: 40 கிரேடுன்னா (ஆயில் பேர்ல கடைசியா வர்ற 40) 100 டிகிரில 12.5-க்குக் குறையக்கூடாது, 16.3-ஐத் தொடக்கூடாது மாமா. 9.3-லருந்து 12.5-க்குள்ள 30 கிரேடு. உங்களது ஒரு கிரேடு இறங்கிடுச்சு. புது ஆயில் எவ்ளோ?

பர்கூர் மாமா: 14.6

ஓசூர் மாப்ள: 18% இறக்கம். ஃபிளாஷ் பாயின்ட் பாருங்க, நெருப்பு காட்டினா ஆயில் ஆவி பத்திக்கிற டிகிரி.

பர்கூர் மாமா: 176

தருமபுரி சித்தப்பா: புதுசுல 220-க்கு மேல நிக்கும். டீசல் கலக்குது.

ஓசூர் மாப்ள: அதேதான் சித்தப்பா. ஆயில்ல இருக்கிற பாலிமர் அறுந்தாலும் மெலியும், ஆனா ஃபிளாஷ் பாயின்ட் இவ்ளோ விழாது.

மச்சான்: 20டபிள்யூ-50 ஊத்திட்டா சரியாப்போகுமே 😀

தருமபுரி சித்தப்பா: அதையும் டீசல் கரைக்கும். காசுதான் தண்டம்.

ஓசூர் மாப்ள: இன்னொண்ணு. சூட் (எஞ்சின் புகைக்கரி) ஆயிலைக் கெட்டியாக்கும், டீசல் மெலிய வைக்கும். ரெண்டும் சேர்ந்தா 14.2-ன்னு அழகா வரும், உள்ள பேரிங் தேஞ்சிட்டிருக்கும். அதனால விஸ்காசிட்டிய தனியா நம்பாதீங்க. சூட், டீசல் %, இரும்பு (தேஞ்சு வர்ற துகள்) மூணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

மச்சான்: பொக்லைன் ஹைட்ராலிக் ரிப்போர்ட்ல 47 போட்டிருக்கு. எஞ்சின் ஆயிலை விட நாலு மடங்கு கெட்டியா?

ஓசூர் மாப்ள: அது 40 டிகிரில அளந்தது மச்சான். 46 நம்பர் ஆயிலுக்கு 41.4-லருந்து 50.6 வரைக்கும் சரி. இந்த எஞ்சின் ஆயிலே புதுசுல 40 டிகிரில 100-ஐத் தாண்டும். எந்த டிகிரின்னு பாக்காம நம்பரை ஒப்பிடாதீங்க.

பர்கூர் மாமா: சரி, டிப்பருக்கு என்ன பண்றது?

தருமபுரி சித்தப்பா: டீசல் பீச்சுற இன்ஜெக்டரைக் கழட்டி டெஸ்ட் பெஞ்ச்ல போடுங்க, நாசில் சொட்டுதான்னு தெரியும். டீசல் பம்ப் ஷாஃப்ட் சீலையும் பாருங்க. குவாரில லோடுக்கு நிக்கறப்ப எஞ்சினை ஐடில்ல விடாதீங்க. கோளாறைச் சரி பண்ணிட்டு ஆயில், ஃபில்டர் ரெண்டையும் மாத்துங்க.

ஓசூர் மாப்ள: அடுத்த சாம்பிள் எஞ்சின் நின்ன 10 நிமிஷத்துக்குள்ள. டிரெயின் பிளக்கைத் திறந்ததும் வர்ற முதல் ஆயிலை விட்டுட்டு நடு ஓட்டத்துல பிடிங்க. ஆயில் மாத்தி ஓடின மணி, டாப்-அப் லிட்டர் ரெண்டும் பாட்டில்ல எழுதணும்.

பர்கூர் மாமா: டாப்-அப்பே கிடையாதுப்பா. டிப்ஸ்டிக்ல மேல் கோட்டைத் தாண்டியே நிக்குது. வண்டி ஆயிலே குடிக்கலைன்னு டிரைவருக்கு ஒரே பெருமை.

ஓசூர் மாப்ள: ஆயில் குறையறதுக்கு மேல டீசல் அதுல இறங்குது மாமா 🤦 நாளைக்கு லோடு ஏத்தாதீங்க.