சீட்டு கிழிவது: எங்கே பொருந்தும், எங்கே இடிக்கும்

“இன்னொரு தடவை லேட்டா வந்தே, சீட்டு கிழிஞ்சிடும்.” வேலை பறிபோவதைச் சொல்லும் இந்தத் தொடர் காதில் விழுவது பெரும்பாலும் இப்படித்தான், நடக்கப்போவதைச் சொல்லி மிரட்டுவதாக. வேலையைப் பறிகொடுத்தவர் “வேலை போச்சு” என்றுதான் சொல்வார். அவரிடமே “சீட்டு கிழிஞ்சிடுச்சாமே?” என்று கேட்டால் கேலியாகிவிடும். அவராகச் சொல்லிச் சிரித்தால் வேறு.

‘கிழிஞ்சுது’ என்றால் யார் செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ‘கிழிச்சுட்டாங்க’ என்றால் பழி நிர்வாகத்தின் மேல் போகிறது. எழுத்தில் ‘சீட்டு கிழிந்தது’ எழுவாய்த் தொடர், இடையில் ‘க்’ வராது. ‘சீட்டைக் கிழித்தார்கள்’ என்பதில் ஐ உருபு இருப்பதால் வரும்.

*

இதே தொடர் சாவுக்கும் வரும், கவனம். “மேனேஜர் சீட்டு கிழிஞ்சுது” என்று மொட்டையாக வாட்ஸப்பில் போட்டால், அவர் ஆஸ்பத்திரியில் இருப்பதை அறிந்தவர் மாலை வாங்கக் கிளம்பிவிடுவார். ‘ஆபீஸ்ல’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

கிழிவது காகிதச் சீட்டு. நாற்காலியைக் குறிக்கும் சீட் ஆட்டம் காணும், காலியாகும், பறிபோகும், கிழியாது.

*

பதவியைப் பறிப்பதைச் சொல்லும் ‘கல்தா’ பத்திரிகைத் தலைப்புகளின் செல்லப்பிள்ளை: ‘அமைச்சருக்கு கல்தா’. ஆளுக்குப் பின்னால் ‘கு’ உருபு, வினை ‘கொடு’. பதவியில் இருப்பவருக்குத்தான் இது எடுபடும். தினக்கூலிக்காரரை நிறுத்தினால் “வயித்துல அடிச்சுட்டாங்க” என்பார்கள். அதில் நியாயம் கேட்கும் குரல் உண்டு. ‘பொழப்புல மண்ணு விழுந்துது’ கடை வைத்திருப்பவருக்கும் பொருந்தும். ‘வேட்டு வைப்பது’ என்பதற்கு இன்னொரு ஆளே வேண்டாம். ஒருவரின் வாயே அவர் வேலைக்கு வேட்டு வைக்கும்.

*

அரசு ஊழியர் சஸ்பெண்ட் ஆனால் சீட்டு கிழிந்ததாகாது. அது பணியிடை நீக்கம். பிழைப்பூதியம் என்று சம்பளத்தில் ஒரு பகுதி வரும், விசாரணை முடிந்து திரும்பவும் சேரலாம். பணிநீக்கம்தான் கிழிவது. ஆட்குறைப்பில் முந்நூறு பேர் போன செய்திக்கு இந்தத் தொடரைப் போடுவது, என்னைக் கேட்டால், மனசாட்சி இல்லாத தலைப்பு.

தானாக ராஜினாமா செய்தவரை ஐ.டி. கம்பெனிகளில் “பேப்பர் போட்டுட்டான்” என்பார்கள். மிரட்டி எழுதி வாங்கியிருந்தால்? ஆவணப்படி பேப்பர் போட்டவர் அவர்தான். டீக்கடைப் பேச்சில் மட்டும் “சீட்டைக் கிழிச்சுட்டாங்க” என்றே வரும்.