அக்யூரசி, பிரிசிஷன்: தனித்தனிச் சொல் தேவை

மின்னணுத் தராசு ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். விவர அட்டவணையில் அக்யூரசியும் (அளவு உண்மை மதிப்பை ஒட்டியிருத்தல்) பிரிசிஷனும் (திரும்பத் திரும்ப எடுக்கும் அளவுகள் ஒன்றையொன்று ஒட்டியிருத்தல்) அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. நான் பார்த்த அகராதிகள் இரண்டுக்குமே 'துல்லியம்' என்கின்றன. வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது.

பொருளில் எனக்குக் குழப்பமில்லை. 100 கிராம் எடைக்கல்லை வைத்தால் ஒரு தராசு 98.1, 98.2, 98.1 என்று காட்டுகிறது. அளவுகள் ஒன்றையொன்று ஒட்டியிருக்கின்றன, உண்மை எடையைத்தான் தொடவில்லை. அதில் பிரிசிஷன் மட்டும் இருக்கிறது. இன்னொரு தராசு 99.2, 100.9, 99.9 என்று அலைகிறது. ஆனால் சராசரி சரியாக 100. முதல் தராசை அளவுதிருத்தம் செய்து சீராக்கிவிடலாம். இரண்டாவதன் சிதறலை அப்படிப் போக்க முடியாது. வாங்குபவர் கட்டாயம் அறிய வேண்டிய இந்த வேறுபாடு ஒரே சொல்லுக்குள் மறைந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அக்யூரசிக்கு 'மெய்மை' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் ஐஎஸ்ஓ 5725 தரநிலை 1994 முதல் அக்யூரசியை ட்ரூனெஸ் (அளவுகளின் சராசரி உண்மை மதிப்பை ஒட்டியிருத்தல்), பிரிசிஷன் இரண்டும் சேர்ந்த பண்பாகக் கொள்கிறது. 'மெய்மை' ட்ரூனெஸுக்கே பொருந்தும். ஆகவே அக்யூரசிக்குத் 'துல்லியம்' என்றே முடிவு செய்துவிட்டேன்.

சிக்கல் பிரிசிஷனில்தான். 'நுட்பம்' என்று போட்டால், படித்துப் பார்த்தவர்கள் தராசின் தொழில்நுட்பம் என்று புரிந்துகொண்டார்கள். 'சீர்மை' அழகைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. 'மீண்டும் மீண்டும் ஒரே அளவைக் காட்டும் தன்மை' என்பது விளங்குகிறது, அட்டவணைக் கட்டத்தில் அடங்கவில்லை.

அறிவியல், பொறியியல் நூல்களைத் தமிழில் எழுதுபவர்கள் பிரிசிஷனுக்குப் பயன்படுத்தும், படிப்பவர் தடுமாறாத ஒற்றைச் சொல் எது?