45 சதவீதம் குறைக்கிறோம் என்றால் புகை குறையுமா?

பாலக்கோட்டுக்காரன்:
குரூப் 1-க்குப் படிக்கிறேன். 2030-க்குள் இந்தியா 45 சதவீதம் உமிழ்வை (பூமியைச் சூடாக்கும் வாயுக்களை வெளிவிடுவதை) குறைக்கும் என்று குறிப்பில் இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்திலேயே 2024-25இல் நிலக்கரி உற்பத்தி நூறு கோடி டன்னைத் தாண்டியதாம். ரெண்டும் எப்படிங்க ஒண்ணா நடக்கும்?

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
குறிப்பு எழுதினவர் பாதியை விட்டுட்டார் தம்பி. குறைவது மொத்தப் புகை இல்லை, உமிழ்வுச் செறிவு. அதாவது உள்நாட்டு உற்பத்தியில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு வெளியேறுகிறது என்ற கணக்கு, 2005-ஐ அடிப்படையாக வைத்து. நம்ம கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றில் ஒரு டன் கூழுக்கு பாய்லரில் எரிக்கிற விறகைப் பாதியாக்கி, கூழை மூணு மடங்கு எடுத்தால் என்ன ஆகும்? செறிவு பாதி, ஆனால் மொத்த விறகு ஒன்றரை மடங்கு. 2015இல் 33 முதல் 35 சதவீதம் என்றோம், 2022 ஆகஸ்டில் 45 ஆக்கினோம். ஐ.நா.வுக்கு அரசு கொடுத்த அறிக்கைப்படி 2020-லேயே 36 வந்தாச்சு. என்னைக் கேட்டால் கைக்கு எட்டுற உயரத்தில்தான் மாங்காயைக் கட்டியிருக்காங்க.

தர்மபுரி_லைன்மேன்:
கரண்ட் இலக்கிலும் இதே சங்கதிதான். 2030-க்குள் நிறுவுதிறனில் (எல்லா மின் நிலையங்களும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு தரமுடியும் என்பதில்) பாதி நிலக்கரி, எரிவாயு இல்லாததாக இருக்கணும் என்பது 2025-லேயே முடிஞ்சது. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. பொழுது சாய்ந்து ஊரே விளக்கு போடுகிற நேரத்தில் சோலார் படுத்துவிடும், மேட்டூர் மாதிரி அனல் நிலையங்கள்தான் தாங்கணும்.

மலர்_தேன்கனிக்கோட்டை:
ரொம்பத்தான் குறை சொல்றீங்க. பிரிட்டன் 1990-ஐ வைத்து 2030-க்குள் 68 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறது, சரி, இருநூறு வருஷம் கரி எரித்து முடித்த பிறகுதானே! எரிபொருளால் வரும் கார்பன் டை ஆக்சைடு வருஷத்துக்குத் தலைக்கு நமக்கு 2 டன், அமெரிக்காவில் 14 டன் போல. செறிவில் இலக்கு வைத்தது நியாயம்தான். எனக்கு இடிக்கிறது வேறு: 2070-இல் நிகர பூஜ்யம் (வெளிவிடுகிற அளவுக்கு உறிஞ்சியும் விடுவது) என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அறிவித்தோம், 2022 இலக்கில் எந்த வருஷம் உச்சம் தொட்டு இறங்குவோம் என்று ஒரு வரி இல்லை.

பாலக்கோட்டுக்காரன்:
நன்றிங்க. மாடு விடுகிற மீத்தேனுக்கும் இலக்கு உண்டா? வீட்டில் நாலு மாடு நிக்குது :)

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
நாட்டின் மொத்த உமிழ்வில் விவசாயமும் கால்நடையும் சேர்ந்து 14 சதவீதம் போல வரும், முக்கால் பங்கு எரிசக்தியில்தான். எந்தத் துறைக்கும் தனியாகக் கட்டாயம் இல்லை என்று அந்த 2022 ஆவணத்திலேயே சொல்லிவிட்டார்கள். மாட்டை விடுங்க, மெயின்ஸில் "செறிவு" என்ற சொல்லை மட்டும் விட்டுடாதீங்க.