வீட்டு மருந்து: உங்க கைல நிஜமா கேட்டது எது, கேக்காதது எது? வந்து சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நிலம், நாலு ஆடு, கோழி, காய்கறின்னு இருக்கறவங்கதான் இங்க முக்கால்வாசிப் பேர், டாக்டர்ட்ட போய் வரணும்னா நமக்கு அரைநாள் வேலை போச்சு, அதனால சளி இருமல் வயித்துவலின்னா முதல்ல கை போறது தோட்டத்துப் பக்கம்தான். "இத ஒரு கிளாஸ் குடிச்சா சுகர் பறந்துடும்" மாதிரி வாட்ஸப் ஃபார்வேர்டு தயவுசெஞ்சு வேண்டாம். வீட்ல செஞ்சு பாத்தது, பக்கத்துல நடந்து பாத்தது மட்டும் போடுங்க.

நானே ஆரம்பிக்கிறேன். எனக்கு ஆடாதோடை. வேலியோரமா வரிசையா வெச்சிருக்கேன், ஆடு வாய் வைக்காது, அதுவே பாதி நிம்மதி. நெஞ்சுல சளி கட்டிகிட்டு வெளிய வராம கர்கர்னு இழுக்குமே அந்த இருமலுக்கு, முத்தின இலை ரெண்டு மூணு, நடு நரம்ப எடுத்துட்டு நறுக்கி, தட்டின மிளகு நாலு போட்டு, ரெண்டு டம்ளர் தண்ணி ஒரு டம்ளரா வத்துற வரை கொதிக்க விட்டு வடிகட்டி, சூடு ஆறினப்புறம் தேன். கசப்பு குடலைப் புரட்டும், ஆனா சளி இளகி வர்றது நல்லாவே தெரியும். தொண்டை அரிப்புல வர்ற வறட்டு இருமலுக்கு இதால எங்க வீட்ல ஒண்ணும் பெருசா ஆகல, அதுக்கு வெறும் தேனே போதுமா இருந்துச்சு.

———

அக்கா, நான் மருந்துக்கடைல வேலை பாக்குறேன், நீங்க சொன்னதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. ஆடாதோடைல வாசிசின்னு ஒரு பொருள் இருக்கு, அதை வெச்சுத்தான் புரோம்ஹெக்சின் உருவாக்கினாங்க, அதுக்கு அடுத்து வந்தது அம்ப்ராக்சால். சளி இளக்குற சிரப் பாட்டில் பின்னாடி திருப்பிப் பாருங்க, பாதிக்கு மேல இந்த ரெண்டுல ஒண்ணு இருக்கும். அதனால உங்களுக்கு சளிக்கு கேட்டுச்சு, வறட்டு இருமலுக்கு கேக்கலங்கறது சரியாத்தான் இருக்கு.

ஆனா இதே வாசிசின் கர்ப்பப்பையச் சுருங்க வைக்கும். மாசமா இருக்கறவங்களுக்கு இந்தக் கஷாயம் கூடவே கூடாது. கடைக்கு வந்து "எங்க மாமியார் குடுத்தாங்க, குடிக்கலாமா"ன்னு கேட்ட பொண்ணுங்க இருக்காங்க, கேட்டதே நல்லதாப் போச்சு. அப்புறம் தேன், ஒரு வயசு முடியாத குழந்தைக்கு நாக்குல தடவக்கூடக் கூடாது, தேன்ல இருக்கற பாட்டுலிசம் கிருமியோட வித்து அந்த வயசு குடல்ல முளைச்சிடும், நமக்கு ஒண்ணும் பண்ணாது. ரெண்டு வாரம் தாண்டியும் இருமல் நிக்கலன்னா, இல்ல சளில ரத்தம் தெரிஞ்சா, கஷாயத்தை வெச்சுட்டு சளி டெஸ்ட்டுக்குப் போயிடுங்க.

———

எங்க வீட்ல கிராம்பு. ராத்திரி பல்வலி வந்து அவர் சுவத்துல முட்டிக்காத குறை. ஒரு கிராம்ப அந்தப் பல்லுகிட்ட வெச்சு மெதுவா கடிச்சு அடக்கிக்கச் சொன்னேன், கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கமே மரத்துப் போய் தூங்கிட்டார். அதுல இருக்கற யூஜினால்தான் காரணம், பல் டாக்டருங்க தற்காலிகமா அடைக்கிற சிமெண்ட்லயும் அதைத்தான் கலக்குறாங்க. எண்ணெயா வாங்கி அப்படியே தடவுறது மட்டும் வேண்டாம், ஈறு வெந்து போகும், குழந்தைங்க கைக்கு அந்த பாட்டில் கிடைக்கவே கூடாது, கொஞ்சம் குடிச்சாலும் ஆபத்து. வலி போச்சுன்னு சொத்தை போயிடாது, எங்காளு அதை நம்பி மாசக்கணக்கா ஓட்டி கடைசில கன்னம் வீங்கித்தான் போனார். ஆம்பளைங்க!

———

மஞ்சள் பத்தி இன்னும் யாரும் வாயத் திறக்கலயே, நான் திறக்குறேன், திட்டுறவங்க திட்டிக்கங்க. நான் மஞ்சள் போடுறவன், கிழங்கு வெட்டி வேக வெச்சு காய வெச்சு அரைக்கிற வரை எல்லாம் நம்ம கைதான், அதனால எனக்கு மஞ்சள் மேல பாசம் ஜாஸ்தி, ஆனாலும் சொல்றேன், மஞ்சள் தூள்ல மருந்துன்னு சொல்ற பொருள் குர்குமின், அது சுமாரா 3 சதவீதம்தான், அப்போ 3 கிராம் தூள் போட்டா 100 மில்லிகிராம் கூட வராது, அதுவும் குடல்ல சரியா உறிஞ்சாது. மிளகு சேத்தா உறிஞ்சும்னு எல்லாரும் சொல்றது 1998ல வந்த ஆய்வு, அதுல குடுத்தது 2 கிராம் சுத்தமான குர்குமின், கூட மிளகுல இருக்கற பைப்பரின் 20 மில்லிகிராம், அப்போ ரத்தத்துல சேர்ற அளவு 2000 சதவீதம் கூடுச்சு. நிஜம்தான். ஆனா 2 கிராம் குர்குமின் வேணும்னா நீங்க கைப்பிடி மஞ்சள் முழுங்கணும்!

மஞ்சள் போட்ட சூடான பால் தொண்டைக்கு இதமா இருக்கு, தூக்கம் வருது, நானும் குடிக்கிறேன், அதுக்கு மேல நான் எதுவும் எதிர்பாக்கல. அளவு கூட வேணும்னு சிலர் மாத்திரையா வாங்கி முழுங்குறாங்க, அதுல ஈரல் பாதிச்ச கேஸ் எல்லாம் பதிவாகி இருக்கு. மிளகும் சும்மா இல்ல, வலிப்புக்குப் போடுற ஃபெனிடாயின் மாதிரி மருந்தையும் சேத்து அதிகமா உறிஞ்ச வெச்சிடும்.

———

அண்ணே மேல சொன்னதுக்கு ஒரு கும்பிடு 🙏

நான் தீக்காயம் பத்தி. எங்க சித்தி பையன் கைல சுடு எண்ணெய் தெறிச்சப்போ ஒருத்தர் பேஸ்ட்டைக் கொண்டுவந்தாங்க, ஒருத்தர் ஐஸ்கட்டி, ஒருத்தர் காப்பித்தூள், நான் பையனை இழுத்துட்டுப் போய் குழாய்த் தண்ணில கைய நீட்ட வெச்சேன். 20 நிமிஷம். ஐஸ் இல்ல, சாதாரண தண்ணி. அந்த 20 நிமிஷம்தான் மருந்து, கத்தாழை எல்லாம் அதுக்கப்புறம். கத்தாழை மடலை வெட்டினதும் சீவிடாதீங்க, வெட்டுவாய் கீழ பாக்க சாச்சு வெச்சா மஞ்சளா ஒரு பால் வடியும், அது முழுசா போகட்டும், அதுல இருக்கற அலோயின் தோலை அரிக்கும், வயித்துக்குள்ள போனா பேதி. அப்புறம் தோல் சீவி கழுவி உள்ள இருக்கற சோறை மட்டும் தடவினா எரிச்சல் அடங்குது. கொப்புளம் உடைஞ்சிருந்தா, உள்ளங்கை அளவுக்கு மேல வெந்திருந்தா, வெந்தது முகமோ மூட்டோன்னா தோட்டத்துப் பக்கமே போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

———

மனுசனுக்கு மட்டும்தானா, நம்ம மாட்டுக்கும் சொல்லட்டா. மடிவீக்கம் வந்து ஒரு காம்புல பால் திரிதிரியா வந்துச்சு, மாடு பக்கத்துலயே சேக்கல, கால்நடை டாக்டர் சொல்லிக்குடுத்த பக்குவம்தான் இது, கத்தாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூணையும் சேத்து அரைச்சா செக்கச்செவேல்னு வரும், பாலை முழுசா கறந்து கொட்டிட்டு மடியைக் கழுவி, அரைச்சதுல ஒரு கைப்பிடி எடுத்து தண்ணில கரைச்சு மடி பூரா தடவணும், ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவ, அஞ்சு நாள், தினமும் புதுசா அரைக்கணும், இந்த எட்டு பத்து தடவைலதான் எல்லாரும் ஏமாத்துறது, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு தடவிட்டு கேக்கலம்பாங்க. எங்களுக்கு வீக்கம் நல்லா வத்துச்சு. மாடு தீனி எடுக்காம காய்ச்சல்ல நின்னாலோ பால்ல ரத்தம் வந்தாலோ இத வெச்சு இழுத்தடிக்கக் கூடாது, மடியே போயிடும்.

———

யாரும் சொல்லாதத சொல்றேன். செடி அடையாளம்.

எங்க பக்கத்து நிலத்துல செங்காந்தள் கிழங்கை ஏதோ காட்டு வள்ளிக்கிழங்குன்னு நெனச்சுத் தோண்டி அவிக்கப் போனாங்க, நல்லவேளை ஒரு பெரியவர் பாத்துட்டார். அதுல கோல்ச்சிசின்னு ஒரு விஷம் இருக்கு. அவிச்சாலும் போகாது. ஊமத்தை இலைய சுருட்டிப் புடிச்சா இழுப்பு நிக்கும்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, அதுல இருக்கறது அட்ரோபின், ஸ்கோபோலமின், அளவு கொஞ்சம் தப்பினா கண்ணு பாப்பா விரிஞ்சு, நாக்கு வறண்டு, ஆளு புத்தி தடுமாறிப் பேச ஆரம்பிச்சிடும். ஒரே செடிலயே இலைக்கு இலை, விதைக்கு விதை வீரியம் மாறும், அப்புறம் எங்க அளவு பாக்குறது? அரளியும் அப்படித்தான், ஆடு மேயுற இடத்துல வைக்காதீங்க.

பூ, காய், இலை மூணும் பாத்து உறுதியாகாத செடி அடுப்புக்குப் போகக் கூடாது. எங்க வீட்ல இது சட்டம்.

———

ஆரம்பிச்ச அக்கா கேட்டதுல "கேக்காதது"க்கு வர்றேன். பல நேரம் செடி கேக்காம இல்ல, நாம பண்ற பக்குவம்தான் தப்பு. எல்லாத்தையும் போட்டு அரைமணி நேரம் கொதிக்க விடுறது ஒரு வியாதியாவே இருக்கு. வேர், பட்டை, காய்ஞ்ச கிழங்கு இதுக்குத்தான் அந்தக் கொதி. துளசி, புதினா, கற்பூரவல்லி மாதிரி வாசனை உள்ள இலைல மருந்தே அந்த வாசனை எண்ணெய்தான், வீடு பூரா கமகமன்னு மணக்குதுன்னா மருந்து ஆவியாப் போய்ட்டு இருக்குன்னு அர்த்தம். தண்ணி கொதிச்சதும் இறக்கி, இலை போட்டு, தட்டு போட்டு மூடி பத்து நிமிஷம் விடுங்க. பூண்டும் அப்படித்தான், நசுக்கினாத்தான் அதோட மருந்துப் பொருளான அல்லிசினே உண்டாகும், நசுக்கிக் கொஞ்ச நேரம் விட்டுட்டு அப்புறம் சூடு காட்டுங்க. நசுக்கின பூண்டை எண்ணெய்ல ஊறப்போட்டு அலமாரில வைக்கிறவங்க இருந்தா இன்னிக்கே கொட்டிடுங்க, மேல தேனுக்குச் சொன்ன அதே பாட்டுலிசம் கிருமி அங்க காத்து இல்லாம ஜம்முன்னு வளரும்.

இந்த சூடு விஷயத்துக்கு எனக்கு ரொம்பப் புடிச்ச கதை ஒண்ணு. மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் கண்டுபிடிச்சு 2015ல நோபல் வாங்கின சீன அம்மா தூ யூயூ, மாசிப்பத்திரி இனத்துச் செடி ஒண்ணுலதான் தேடினாங்க, ஆரம்பத்துல சரியாவே வரல. 4ஆம் நூற்றாண்டுல எழுதின ஒரு சீன வைத்தியக் குறிப்புல, இலைய தண்ணில ஊறவெச்சுப் பிழிஞ்சு சாறைக் குடின்னு இருந்துச்சாம், கொதிக்க வைன்னு இல்ல. அடடா சூடுதான் கெடுக்குதோன்னு குறைஞ்ச சூட்லயே கொதிக்கிற ஈதர்ங்கற திரவத்தை வெச்சு சாறு எடுத்தாங்க, வேலை செஞ்சுது.

பறிக்கிறது காலைல பனி காய்ஞ்சதும், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பூ விடுற முன்ன. காய வைக்கிறது நிழல்ல. விரல்ல நொறுங்குற பதம் வரணும், இல்லன்னா பூசணம். காய்ஞ்சது ஒரு ஸ்பூன்னா பச்சைல மூணு ஸ்பூனுக்குச் சமம்.

———

நர்ஸ் பேசுறேன், ரெண்டே விஷயம்.

பேதிக்கு மாதுளந்தோல், ஓமம், வெந்தயம்னு என்னத்தையோ குடுங்க, முதல்ல தண்ணிச்சத்து. மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் இருந்தா அதுதான் நல்லது, இல்லன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி, சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலை தட்டின அளவு. உப்பு ஜாஸ்தியா போட்டுடாதீங்க. குழந்தை சோர்ந்து கண்ணு குழி விழுந்துச்சுன்னா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா, வண்டி எடுங்க.

ரெண்டாவது, ஆவி பிடிக்கிறது. கொதிக்கிற பாத்திரம் மடில சாஞ்சு வெந்து வந்த குழந்தைங்களை வார்டுல பாத்தவ நான். குழந்தைங்களுக்கு வேண்டவே வேண்டாம். கற்பூரமும் அப்படி, வயித்துக்குள்ள போனா குழந்தைக்கு வலிப்பு வரும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க பூண்டு, இஞ்சி, மஞ்சளை மருந்தளவுல எடுத்தா டாக்டர்ட்ட சொல்லிடுங்க, ஆபரேஷனுக்கு முன்னாடியும் மறக்காம சொல்லுங்க. பிரஷர் இருக்கறவங்க தினம் அதிமதுரம் மெல்லுறதையும் விடுங்க, பிரஷரை ஏத்தி பொட்டாசியத்தை இறக்கும்.

———

எல்லாருக்கும் நன்றிங்க, இவ்ளோ வரும்னு நினைக்கல. ஒரு கேள்வி, கற்பூரவல்லி நட்டா தண்டு அழுகிப் போகுதே, யாருக்காச்சும் நல்லா வருதா?

———

தண்ணி ஜாஸ்திக்கா. ஒரு விரல் நீளத்துக்குத் தண்டை ஒடிச்சு, கீழ் இலையக் கிள்ளிட்டு, ஒரு நாள் நிழல்ல சும்மா போட்டு வெட்டுவாய் காய்ஞ்சதும் மணல் கலந்த மண்ணுல குத்துங்க. மண்ணு காய்ஞ்சா மட்டும் தண்ணி. பிடிச்சிடுச்சுன்னா அப்புறம் நீங்களே வெட்டி வெட்டிக் குடுத்துட்டு இருப்பீங்க.