ஏ.சி. கம்ப்ரசர் அடிக்கடி கட் ஆகிறது, பிரஷர் சுவிட்சை மாற்றலாமா?

கேள்வி:
காரில் ஏ.சி. போட்டதும் கம்ப்ரசர் கிளட்ச் (கம்ப்ரசரை எஞ்சினோடு இணைத்து விடும் பாகம்) ஒட்டுகிறது, நாலைந்து நொடியில் விட்டுவிடுகிறது, திரும்ப ஒட்டுகிறது. குளிர் ரொம்பக் குறைவு. ஆர்134ஏ கேஸ் (ஏ.சி.யைக் குளிர்விக்கும் வாயு). எஞ்சினை அணைத்துவிட்டு கேஜ் மாட்டினால், அழுத்தம் குறைவான லோ சைடு, அதிகமான ஹை சைடு இரண்டு பக்கமும் 95 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) இருக்கிறது. கேஸ் சரியாக இருப்பதால் சுவிட்ச்தான் போயிருக்கும் என்கிறார் மெக்கானிக். சுவிட்ச், அக்குமுலேட்டர் (கம்ப்ரசருக்குத் திரும்பும் வழியில் உள்ள கேஸ் டப்பா) மேல் இருக்கிறது.

பதில் 1:
இப்போதைக்கு சுவிட்சை மாற்றாதீர்கள். வண்டி நிற்கும்போது வரும் பிரஷர், கேஸின் அளவைச் சொல்லாது, வெப்பநிலையைத்தான் சொல்லும். உள்ளே கொஞ்சமாவது திரவமாக இருக்கும் வரை, 30 டிகிரியில் ஆர்134ஏ கிட்டத்தட்ட 95-தான் காட்டும். பாதி காலியானாலும் அதே 95. எஞ்சின் ஓடும்போது, கிளட்ச் விடுகிற அந்த நொடியில் இரண்டு கேஜும் என்ன காட்டுகின்றன என்று பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். லோ சைடு மளமளவென்று 22-க்கு இறங்கியதும் கட் ஆகிறது. 45-க்கு ஏறியதும் மறுபடி ஒட்டுகிறது. ஹை சைடு 130-ஐத் தாண்டவில்லை.

பதில் 1:
அப்படியானால் சுவிட்ச் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆர்134ஏ-வுக்கு 28 பி.எஸ்.ஐ. என்றால் 0 டிகிரி. அதற்கும் கீழே அதிக நேரம் ஓடினால் கூலிங் காயிலில் பனி பிடித்து காற்று அடைபடும், அதனால்தான் இந்த வகை சிஸ்டத்தில் 22, 25 வாக்கில் கட் ஆகிறது. கேஸ் நிறைய இருந்தால் அங்கே இறங்கவே நேரம் பிடிக்கும். உங்களுக்கு உடனே இறங்குகிறது, ஹை சைடும் எழவில்லை. கேஸ் குறைவு என்றே நினைக்கிறேன்.

பதில் 2:
ஆரிஃபிஸ் டியூபில் (கூலிங் காயிலுக்கு முன் கேஸ் நுழையும் குறுகிய துளைக் குழாய்) அடைப்பு இருந்தாலும் லோ சைடு இப்படி விழும். அந்த இடத்தில் குழாய் மேல் பனி பிடிக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும் காயில்) ஃபேன் ஓடாததால் கட் ஆகிறதென்றால் ஹை சைடு 400-ஐ ஒட்டி ஏறியிருக்கும். உங்களுக்கு அது இல்லை.

கேட்டவர்:
டியூபில் பனி இல்லை. கண்டென்சர் பைப் ஜாயின்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. இப்போதைக்கு சுவிட்ச் ஒயரை நேரடியாக இணைத்து ஓட்டலாமா?

பதில் 1:
தயவுசெய்து வேண்டாம். கம்ப்ரசருக்கு எண்ணெய் கேஸோடுதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் விடாமல் ஓடினால் கம்ப்ரசர் இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும். அந்தப் பிசுக்குதான் லீக்காக இருக்கும். ஓ-ரிங்கை (ஜாயின்டில் உள்ள ரப்பர் வளையம்) மாற்றி, நன்றாக வேக்குவம் போட்டு (உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), பானட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். கேஜைப் பார்த்து கேஸ் அடிக்க விடாதீர்கள்.