லினக்ஸில் வைத்த பெயர் விண்டோஸில் திறக்க மாட்டேங்குது: ஒரே டிரைவ், இரண்டு சிஸ்டம்

செவ்வாய்ப்பேட்டை டிசைன்:
சேலம் கடையில் லினக்ஸ் மின்ட் ஒன்று, விண்டோஸ் 11 ஒன்று. கொலுசு டிசைன் போட்டோ எல்லாம் 1 டிபி எக்ஸ்டர்னல் டிரைவில், என்டிஎஃப்எஸ் ஃபார்மேட். மின்டில் “கொலுசு: 10.5 இன்ச்?”, “குழந்தை கொலுசு *புதுசு*” என்று பெயர் வைத்தவை விண்டோஸில் கண்ணுக்குத் தெரியுது, திறக்கவோ அழிக்கவோ முடியலை. “ரகம் 2.” என்ற ஃபோல்டரும் அப்படித்தான். எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டுக்கு மாற்றினால் தீருமா?

முனையம்:
ஃபைல் கெடலைங்க, பெயர்தான் இடிக்குது. லினக்ஸில் நீங்கள் டைப் செய்யக்கூடியவற்றில் / மட்டும்தான் தடை. விண்டோஸில் < > : " / \ | ? * ஒன்பதும் தடை. பெயர் புள்ளியிலோ ஸ்பேஸிலோ முடியவும் கூடாது. என்டிஎஃப்எஸ் இதையெல்லாம் தாங்கும், தடுப்பது விண்டோஸ். அதனால்தான் மின்டில் எழுதும்போது ஒரு எச்சரிக்கையும் வரலை.

விண்டோஸில் மல்லுக்கட்டாதீங்க, டிஸ்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கும் இப்போதைக்கு வேண்டாம். டிரைவை மின்டில் செருகி, துனார் ஃபைல் மேனேஜரில் (மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் வருவது) எல்லாவற்றையும் செலக்ட் செய்து எஃப்2 அழுத்துங்க. தேடி மாற்றும் முறையில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை டிக் செய்து, தேட வேண்டியதில் `[<>:"|?*\\]`, மாற்றில் - கொடுங்க. புள்ளியில் முடியும் ஃபோல்டருக்கு `[ .]+$`, மாற்று காலி, அப்போது பெயர், எக்ஸ்டென்ஷன் இரண்டும் சேர்ந்த தேர்வில் இருக்கணும். துனார் உள் ஃபோல்டருக்குள் தானாக இறங்காது, ஒவ்வொன்றாகத்தான் போகணும்.

முன்னோட்டத்தைப் பார்க்காமல் ஓகே கொடுக்காதீங்க. “ரகம்?1”, “ரகம்*1” இரண்டும் “ரகம்-1” ஆகி மோதும். ஆங்கிலப் பெயரென்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் மட்டும் உள்ள இரண்டு ஃபைல்களும் விண்டோஸில் ஒன்றாகவே கருதப்படும்.

ஐந்து ரோடு ஹார்டுவேர்:
மேலே சொன்னது பழையதற்கு மருந்து. இனிமேல் வராமலிருக்க, மின்டில் டிஸ்க்ஸ் புரோகிராமைத் திறந்து, அந்தப் பார்ட்டிஷனின் மவுன்ட் ஆப்ஷனில் (டிரைவை எப்படி இணைக்கணும் என்ற அமைப்பு) ‘விண்டோஸ்_நேம்ஸ்’ சேருங்க (ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் அடிக்கோடு). கூடவே ‘நோஃபெயில்’ இருக்கட்டும். இல்லாவிட்டால் டிரைவ் செருகாத நாளில் மின்ட் பூட் ஆகும்போதே தடுமாறும். பிறகு : வைத்து ஒரு ஃபைல் உருவாக்கிப் பாருங்க, மறுக்கணும். ஏற்கெனவே உள்ள தவறான பெயர்களைப் படிக்கவும் மாற்றவும் இந்த ஆப்ஷன் தடை போடாது.

எக்ஸ்ஃபேட்டிலும் இதே எழுத்துகளுக்குத் தடைதான். அங்கே லினக்ஸே மறுத்துவிடும், அவ்வளவுதான் லாபம். ஆனால் அதில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) கிடையாது. எழுதும்போது கேபிளைப் பிடுங்கினால் என்டிஎஃப்எஸ்ஸை விட அடி அதிகம். கடை டிரைவுக்கு நான் மாற்ற மாட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை டிசைன்:
பெயரெல்லாம் மாறிடுச்சு, நன்றிங்க. இன்னொன்று: போட்டோகிராஃபர் பழைய மேக்கிலிருந்து ஜிப் அனுப்புவார். விரித்தால் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு “கொலுசு 14” நிற்குது, ஓவர்ரைட் கேட்கவே இல்லை. எப்படி?

ஏற்காடு மூடுபனி:
பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு. ‘கொ’வின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய டிஸ்க் ஃபார்மேட்டான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே சேமிக்கும், விண்டோஸ் கீபோர்டில் பெரும்பாலும் சேர்த்தே வரும். என்டிஎஃப்எஸ் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காது. ொ, ோ, ௌ மூன்றுக்கும் இதே கதை.

முதலில் இரட்டையாக நிற்பவற்றில் ஒன்றை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, மின்டில் பெயரின் குறியீட்டை மாற்றும் ‘கான்ம்வி’ (convmv) நிறுவி, சேர்த்து எழுதும் வடிவமான என்எஃப்சி (--nfc) ஆப்ஷனோடு டெர்மினலில் ஓட்டுங்க. வெறுமனே ஓட்டினால் எது எதுவாக மாறும் என்று காட்டுவதோடு சரி; ‘நோடெஸ்ட்’ (--notest) சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும்.

மேக்கில் ஃபைண்டரில் “12/3” என்று வைத்த பெயர் ஜிப்பில் “12:3” ஆகத்தான் வரும். அதனால் தேதிக்கு 2024-03-12 மாதிரி கோடு போடச் சொல்லுங்க.

முனையம்:
பெயரின் நீளத்தையும் பாருங்க. மின்டின் சொந்த டிஸ்க் ஃபார்மேட்டான எக்ஸ்ட்4-இல் பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழுக்கு ஒரு குறியீடு 3 பைட், ஆக 85 குறியீடு. என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறியீடு வரை போகும் என்பதால், விண்டோஸில் வைத்த நீளப் பெயர் மின்டின் ஹோம் ஃபோல்டருக்கு காப்பி ஆகாமல் நிற்கும். எடை, சைஸ், கஸ்டமர் பெயரையெல்லாம் ஃபோல்டருக்குப் பிரித்துக் கொடுத்துவிடுங்க.