ஷே ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டம்: அங்கே இருந்தவர்கள் எழுதுங்கள்

2008 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மெட்ஸ் அணி, நகரின் குவீன்ஸ் பகுதியில் இருந்த தன் ஷே ஸ்டேடியத்தில் ஆடிய கடைசி பேஸ்பால் ஆட்டம். மேல் தளத்துச் சிவப்பு இருக்கையில் இருந்தேன். மழையால் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது.

அது வெறும் வழியனுப்பும் ஆட்டம் அல்ல. வென்றிருந்தால் பிளே ஆஃப் வாய்ப்புக்காக மில்வாக்கி அணியுடன் இன்னோர் ஆட்டம் கிடைத்திருக்கும். ஆறாவது இன்னிங்ஸில் எங்கள் பெல்ட்ரான் ஹோம் ரன் அடித்து, அதாவது பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி, 2-2 என்று சமன் செய்தபோது கான்கிரீட் தளமே அதிர்ந்தது. எட்டாவதில் எதிரணியான புளோரிடா மார்லின்ஸ் அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன் அடித்தது. 4-2. முந்தைய ஆண்டும் கடைசி நாளில் இதே மார்லின்ஸிடம்தான் தோற்று வெளியேறினோம். வயிறு எரிந்தது.

நிறையப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. பழைய வீரர்கள் ஒவ்வொருவராக வந்து, பந்தை அடிப்பவர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டை மிதித்துவிட்டுப் போனார்கள். கடைசியாக டாம் சீவர் பந்தை வீச, மைக் பியாசா பிடித்தார். பிறகு இருவரும் மைதானத்தைக் கடந்து நடந்துபோய், நடுக்களத்துக்குப் பின்னால் இருந்த கதவைச் சாத்தினார்கள். தோற்ற கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் பக்கத்தில் இருந்த பெரியவர் 1969 உலகத் தொடர் (பேஸ்பால் இறுதிப் போட்டி) வெற்றியை இங்கேயே பார்த்தவராம். ஒரு வார்த்தையும் பேசாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அழகான அரங்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பக்கத்து லாகார்டியா விமான நிலையத்தின் விமானங்கள் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஆனாலும் 1964 முதல் 45 பருவங்கள் குவீன்ஸ் மக்கள் அங்கேதான் கத்தித் தீர்த்தார்கள்.

*

மேலே எழுதியவருக்குக் கிடைத்த கடைசி ஆட்ட டிக்கெட் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு ஷே என்றால் 2001 செப்டம்பர் 21தான். உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து பத்து நாள். அதுவரை அரங்கத்தின் கார் நிறுத்துமிடம் நிவாரணப் பொருள்களைச் சேர்த்து அனுப்பும் இடமாக இருந்தது. அன்றுதான் நகரத்தில் மீண்டும் ஆட்டம். உள்ளே போகவே பயமாக இருந்தது. கைதட்டலாமா என்றுகூடத் தயங்கினோம். எட்டாவது இன்னிங்ஸில் அட்லாண்டா 2-1 என முன்னிலையில் இருந்தபோது பியாசா அடித்த பந்து நடுக்களத்தைத் தாண்டிப் போனது. முன்பின் தெரியாதவர்களைக் கட்டிக்கொண்டேன். 3-2 என்று வென்றோம். அந்த வாரங்களில் என் பழுப்பு நிறத்தைப் பார்த்து ரயிலில் விலகி உட்கார்ந்தவர்கள் உண்டு. அன்று இரவு அந்த வரிசையில் யாரும் விலகவில்லை.

*

நாங்கள் ஃப்ளஷிங்கில் குடியிருந்தோம். ஞாயிறு காலையில் போன் தெருப் பிள்ளையார் கோயில், கேன்டீனில் தோசை, பிறகு மெயின் ஸ்ட்ரீட்டில் 7ஆம் எண் ரயில் ஏறி ஒரே ஒரு நிறுத்தம். இறங்கினால் ஷே. கிரிக்கெட் மட்டுமே தெரிந்த என் அப்பா, நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்து, பந்து வீச்சாளரை எப்போது மாற்ற வேண்டும் என்று பக்கத்தில் இருந்த போர்ட்டோ ரிக்கோக்காரரோடு வாதாடுவார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். வாதம் மட்டும் ஒன்பது இன்னிங்ஸும் ஓயாது.

2009 பிப்ரவரியில் கடைசித் துண்டையும் இடித்தார்கள். ஹோம் பிளேட்டும், வீரர்கள் ஓடித் தொடும் மற்ற பேஸ்களும் இருந்த இடங்களைப் புதிய அரங்கின் கார் நிறுத்துமிடத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் தேடிப் பாருங்கள்.

*

புதிய அரங்கமான சிட்டி ஃபீல்டில் இருக்கை வசதி, பார்வை, சாப்பாடு எல்லாமே மேல்தான். ஆனால் முகப்பை வேறோர் அணியான டாட்ஜர்ஸின் பழைய அரங்கம் எபெட்ஸ் ஃபீல்டைப் போலக் கட்டினார்கள். நம் சொந்த வரலாற்றை எங்கே வைத்தார்கள் என்று முதல் ஆண்டு முழுவதும் எனக்குக் கோபம். மெட்ஸ் வீரர் ஹோம் ரன் அடித்தால் தொப்பிக்குள்ளிருந்து மேலெழும் ஷேயின் பழைய ஆப்பிள் உருவத்தை 2010இல் முன்வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் பிறகுதான் பருவ டிக்கெட் வாங்கினேன்.